ஐம்பதிலும் வளையும்

வழக்கை விசாரிக்காமலேயே தீர்ப்பு எழுதிவிடும் பழமொழிகள் இரண்டு நம் வீடுகளில் உலவுகின்றன. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பது ஒன்று. 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்பது மற்றொன்று. குடிக்கும் கணவனைப் பற்றி மனைவி உறவினரிடம் முறையிட்டால் முதற்பழமொழி பதிலாக வருகிறது. எரிந்துவிழும் மாமனாரைப் பற்றி மருமகள் கண் கலங்கினால் இரண்டாம் பழமொழி ஆறுதலாக வருகிறது. இரண்டும் சொல்லும் செய்தி ஒன்றே. மனிதன் சிறுவயதிலேயே முடிவாகிவிட்டான். பின்னர் நடப்பதெல்லாம் அந்த முடிவின் நீட்சி. எனவே எதையும் எதிர்பாராதே!

இத்தீர்ப்பு பொய்த்தீர்ப்பு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பழமொழியைப் படைத்த முன்னோர்மீது நமக்குக் குறையில்லை. பிள்ளை வளர்ப்போர் பொறுப்பைத் தள்ளிப் போடாதிருக்க அவர்கள் விடுத்த எச்சரிக்கை அது. ஐந்து வயதுப் பிள்ளையின் பெற்றோருக்குச் சொன்னதை நாம் எடுத்து ஐம்பது வயதினரின் முகத்தில் எறிகிறோம். அதைவிடக் கொடுமை, ஐம்பது வயதினரே அதைக் கேடயமாகப் பிடித்துக்கொள்வது. "நான் இப்படித்தான், இனி என்னை மாற்ற முடியாது" என்று சொல்லும்போது குரலில் ஒரு பெருமிதமும் கலந்திருக்கிறது. மாற மனமில்லாதவருக்கு இப்பழமொழி வசதி. பிறர் மாறத் துணைநிற்கும் சுமையைத் தட்டிக்கழிப்போருக்கும் வசதி. முதியோரை மூலையில் உட்கார வைக்க விரும்புவோருக்கோ பெருவசதி. இத்தனை பேருக்கு வசதியாக இருக்கும் ஓர் 'உண்மை'யைச் சற்று ஐயத்தோடு பார்ப்பது அறிவுடைமை அன்றோ?

சாந்து இறுகிவிட்டதா?

இப்பழமொழிக்கு அறிஞர் துணையும் ஒருகாலத்தில் இருந்தது. அமெரிக்க உளவியலின் முன்னோடியான வில்லியம் ஜேம்ஸ் 1890-ஆம் ஆண்டு வெளியிட்ட தம் பெருநூலில், பெரும்பாலோரின் குணம் முப்பது வயதுக்குள் சாந்து இறுகுவதுபோல் இறுகிவிடுகிறது என்ற கருத்தை முன்வைத்தார். பிராய்டின் வழிவந்தோர் இன்னும் முன்னே சென்று, முதல் ஐந்தாறு ஆண்டுகளிலேயே மனிதனின் அடித்தளம் முழுதும் இடப்பட்டுவிடுகிறது என்றனர்.

ஆனால் ஒரே மனிதர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து பார்த்தவர்கள் வேறொன்றைக் கண்டனர். இத்தகைய 92 தொடராய்வுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த பிரென்ட் ராபர்ட்ஸும் அவருடைய தோழர்களும் 2006-இல் தம் முடிவை வெளியிட்டனர். மனிதரின் குணக்கூறுகள் மிகுதியாக மாறுவது இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில். அதற்குப் பின்னும், முதுமையிலும்கூட, மாற்றம் நின்றுவிடுவதில்லை என்பது அவர்கள் கண்டது. பொறுப்புணர்வும் மன உறுதியும் பொதுவாக வயதோடு கூடுகின்றன.

எதிர்தரப்பின் நியாயத்தையும் ஒப்புக்கொள்வோம். வயது ஏற ஏற நினைவின் வேகம் குறைகிறது. புதியதைப் பற்றிக்கொள்ளும் விரைவு தளர்கிறது. இயல்பிலேயே அமைதியானவர், கூடியிருந்த நாற்பது பேரில் இருபது வயதில் எப்படி அமைதியானவராகத் தெரிந்தாரோ அவ்வாறே அறுபதிலும் தெரியக்கூடும். இவையெல்லாம் மெய். ஆயினும் மெல்ல வளைவது வேறு, வளையாதிருப்பது வேறு. முதிர்ந்த மூங்கிலை வளைக்கத் தீயில் வாட்டிப் பொறுமையாய் வளைப்பர். அதற்கு நேரமும் கைப்பக்குவமும் வேண்டும். அவை இரண்டும் இல்லாதவன் மூங்கிலைக் குறை கூறுவது நியாயமா?

வரைபடத்தில் விடுபட்ட வயது

மனித வளர்ச்சி தொட்டிலில் தொடங்கிக் கல்லறை வாயில்வரை நீளும் ஒரே பயணம் என்று உளவியலில் அழுத்தமாக எழுதியவர் எரிக் எரிக்சன். 1902-இல் செருமனியில் பிறந்து, பிராய்டின் வட்டத்தில் பயின்று, அமெரிக்காவில் குடியேறியவர். 1950-இல் வெளிவந்த 'குழந்தைப் பருவமும் சமுதாயமும்' என்ற நூலில் மனித வாழ்வை எட்டுப் படிகளாக அவர் வகுத்தார். அவற்றுள் இறுதி மூன்றும் வளர்ந்தோருக்கு உரியவை. இளமையின் கேள்வி, இன்னொருவரோடு உண்மையான நெருக்கம் கொள்வதா, தனிமைக்குள் ஒதுங்குவதா என்பது. நடுவயதின் கேள்வி, அடுத்த தலைமுறையைப் பேணுவதா, தன்னைச் சுற்றியே தேங்கிவிடுவதா என்பது. முதுமையின் கேள்வி, வாழ்ந்த வாழ்வை ஏற்று நிறைவு காண்பதா, அதை வெறுத்து நொந்து போவதா என்பது. ஒவ்வொரு படியிலும் ஒரு போராட்டம் உண்டு. அதில் வெல்வோருக்கு முறையே அன்பும் அக்கறையும் ஞானமும் வாய்க்கின்றன.

இப்படிகள் வகுக்கப்பட்ட காலத்து நிகழ்ச்சி ஒன்றை அவருடைய துணைவியார் ஜோன் எரிக்சன் பிற்காலத்தில் எழுதியுள்ளார். இந்த வரைபடத்தைப் பற்றிப் பேச எரிக்சன் வெளியூர் செல்லவிருந்தார். ஜோன் அவரை ரயில் நிலையத்திற்குக் காரில் அழைத்துச் சென்றார். வழியில் வரைபடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு போனவர்களுக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. அப்போதிருந்த ஏழு படிகளில் இளமையிலிருந்து நேரே முதுமைக்குத் தாவியிருந்தார்கள். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டும் வேலை செய்துகொண்டும் இருந்த அவர்களுடைய சொந்த வயதே வரைபடத்தில் இல்லை! 'தலைமுறை பேணல்' என்ற ஏழாம் படி அதன் பிறகே சேர்ந்தது.

மனித வளர்ச்சியையே தொழிலாக ஆராய்ந்தவர்கள் தங்கள் நடுவயதை மறந்துபோனார்கள் என்றால், நாம் மறப்பதில் வியப்பென்ன? பிள்ளையின் படிப்பு, பெண்ணின் திருமணம், வீட்டுக்கடன், பெற்றோரின் மருத்துவச் செலவு என்று எல்லாரையும் சுமக்கும் அந்த ஐம்பது வயதினரைப் பார்த்து, "நீங்கள் உள்ளுக்குள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பவர் எவர்? அவருக்கும் வளர்ச்சி உண்டு என்று நினைப்பவர் எவர்?

இருபத்திரண்டில் முடித்துவிடும் அவசரம்

பழமொழியின் பாதிப்பு ஐம்பதில் தொடங்குவதன்று. ஐந்தில் வளைந்தவன் இருபதில் முழுமையடைந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். படிப்பு முடிந்ததும் வேலை, வேலை கிடைத்ததும் திருமணம், திருமணமானதும் குழந்தை. ஒன்று தாமதமானாலும் "இன்னும் செட்டில் ஆகவில்லையா?" என்ற கேள்வி பிள்ளையைத் துரத்துகிறது.

அமெரிக்க உளவியலார் ஜெஃப்ரி ஆர்னெட் 2000-ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை ஒன்றில், ஏறத்தாழ 18 முதல் 25 வரையுள்ள ஆண்டுகளைத் தனியொரு பருவமாகக் கருத வேண்டும் என்றார். சிறுவரும் அல்லாமல் பெரியவரும் ஆகாமல் இடையில் நிற்கும் பருவம் அது. தான் யார், எதை நம்புகிறேன், எந்தத் தொழிலுக்கு உரியவன் என்று தேடும் பருவம்; நிலையின்மையே அதன் இயல்பு. இக்கருத்திற்கு மறுப்பும் எழுந்தது. இத்தேடலுக்கு நேரம் கிடைப்பது வசதியுள்ளவர் பிள்ளைகளுக்குத்தானே என்று கேட்டனர். நியாயமான கேள்வி. பதினெட்டு வயதில் பஞ்சாலைக்கோ செங்கற்சூளைக்கோ அனுப்பப்படும் ஏழைப் பெண்ணுக்குத் தேடுவதற்கு ஏது பொழுது? ஆனால் அம்மறுப்பு நம் அவசரத்திற்கு ஆதரவாகாது. அவளிடமிருந்து பறிக்கப்பட்டது எவ்வளவு பெரிது என்பதையே அது காட்டுகிறது.

தான் யார் என்று அறியாதவர் இன்னொருவரோடு ஆழ்ந்த நெருக்கம் கொள்ள இயலாது என்பார் எரிக்சன். திருமணமானால் பொறுப்பு வந்துவிடும் என்று சொல்லி, தன்னைத் தேடிக்கொண்டிருக்கும் மகனுக்குப் பெண் பார்க்கும் பெற்றோர் இதைச் சிந்திக்கட்டும். அவனைத் திருத்தும் பணியை, அவனைப் போலவே தன்னைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் தோளில் ஏற்றுவது எவ்வகை அறம்?

அக்ரன் நகரில் வளைந்த ஐம்பத்தைந்து

ஐம்பது வளையும் என்பதற்குச் சான்று கேட்போருக்கு ஒரு மருத்துவரின் வரலாற்றை முன்வைக்கிறேன். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து அக்ரன் நகரில் அறுவை மருத்துவராக இருந்தவர் பாப் ஸ்மித். 1879-இல் பிறந்தவர். கல்லூரி நாள் தொட்டே குடித்தவர். மருத்துவமனைகளில் சேர்ந்து பார்த்தார், உறுதிமொழிகள் எடுத்தார், செபக் குழு ஒன்றிலும் ஈராண்டுகளுக்கு மேல் கலந்துகொண்டார். குடி நிற்கவில்லை. 'ஐந்தில் வளையாதது' என்று அவ்வூரில் யாரேனும் சொல்லியிருந்தால் மறுப்பதற்கு அவரிடம் ஒரு சான்றும் இருந்திராது.

1935 மே மாதம் நியூயார்க்கைச் சேர்ந்த பில் வில்சன் என்ற பங்குச்சந்தைத் தொழிலர் ஒரு வணிக வேலையாக அக்ரனுக்கு வந்தார். குடியை விட்டு ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. வந்த வேலை தோல்வியுற்றது. தங்கியிருந்த விடுதியின் மதுக்கூடம் அவரை அழைத்தது. தாம் மீண்டும் விழாதிருக்க வேண்டுமானால் தம்மைப் போன்ற இன்னொரு குடிநோயாளியோடு பேசியாக வேண்டும் என்று உணர்ந்த அவர், ஒரு போதகருக்குத் தொலைபேசியில் அழைத்தார். அந்தத் தொடர்பு அவரை டாக்டர் பாபிடம் கொண்டுசேர்த்தது. பதினைந்து நிமிடத்திற்கு மேல் இருக்கமாட்டேன் என்று சொல்லி வந்த மருத்துவர், ஏறத்தாழ ஆறு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

என்ன நடந்தது அந்த ஆறு மணி நேரத்தில்? பில் அறிவுரை கூறவில்லை. அதற்கு முந்தைய மாதங்களில் அவர் நியூயார்க்கில் பல குடியர்களுக்கு உருக்கமாகப் போதித்திருந்தார், ஒருவரும் திருந்தவில்லை. போதிப்பதை நிறுத்திவிட்டு நோயைப் பற்றிப் பேசுமாறு அவருடைய மருத்துவர் சொல்லியிருந்தார். எனவே அன்று தம் சொந்த வீழ்ச்சியை மட்டும் சொன்னார். "எனக்கு நீங்கள் தேவை" என்ற நிலையில் வந்து அமர்ந்திருந்தார். டாக்டர் பாப் அதன் பின்னும் ஒருமுறை விழுந்தார். ஆனால் அதே ஆண்டு ஜூன் மாதத்தில் கடைசி முறையாகக் குடித்தவர், 1950-இல் இறக்கும்வரை பதினைந்து ஆண்டுகள் மதுவைத் தொடவில்லை. அப்போது அவருக்கு வயது 55. 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்று இன்று உலகெங்கும் பரவியுள்ள இயக்கம் இவ்விருவரிடமிருந்தே பிறந்தது.

அவருக்குத் துணைநின்றவர் ஒரு கத்தோலிக்கத் துறவி. அக்ரனின் புனித தோமா மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்க்கும் அலுவலில் இருந்த அருட்சகோதரி இக்னேஷியா. இசை ஆசிரியையாக உழைத்து, மனமும் உடலும் நொறுங்கி, அப்பணியை விட்டு விலகியவர். மருத்துவமனைகள் குடிநோயாளிகளைச் சேர்க்க மறுத்த காலத்தில், 1939-இல், வயிற்றழற்சி என்று பதிவேட்டில் எழுதி அவர்களுக்கு இடம் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 50. தம் வாழ்வின் பெரும்பணி இனிமேல்தான் தொடங்குகிறது என்று அவர் எண்ணியிருக்கக்கூட மாட்டார். ஆயிரக்கணக்கானோர் அவர் கைகளைக் கடந்து நலம் பெற்றனர்.

எரிக்சனின் ஏழாம் படி இங்கே சதையும் இரத்தமுமாக நிற்கிறது. இன்னொருவரைப் பேணத் தொடங்கியபோதுதான் இம்மூவரும் தங்கள் தேக்கத்திலிருந்து எழுந்தனர். ஐம்பது, தன்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தால் வளையாது. யாரோ ஒருவருக்காகக் குனியும்போது வளைகிறது.

இது தனியொரு கதையன்று. 1938-இல் தொடங்கிய ஹார்வர்டு ஆய்வு, 268 கல்லூரி மாணவரையும், பாஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளைச் சேர்ந்த 456 சிறுவரையும் அவர்களுடைய முதுமைவரை பின்தொடர்ந்தது. அனைவரும் ஆண்கள், அமெரிக்கர் என்ற குறை அதற்கு உண்டு. அதை நீண்டகாலம் நடத்திய ஜார்ஜ் வெய்லண்ட் கண்டவை நம் பழமொழிகளுக்கு நேர்மாறானவை. துயரமான குழந்தைப் பருவத்திலிருந்து மீண்டவர்கள் இருந்தனர். நடுவயதில் தடுமாறி முதுமையில் மலர்ந்தவர்கள் இருந்தனர். குடியிலிருந்து நிலையாக மீண்டவர்களிடம் அவர் கண்ட துணைகள் நான்கு: தொடர்ந்த கண்காணிப்பு, குடியின் இடத்தை நிரப்பும் வேறொரு பழக்கம், புதிய அன்புறவு, நம்பிக்கையூட்டும் ஒரு குழு. நச்சரிப்பும் அவமானப்படுத்தலும் இப்பட்டியலில் இல்லை என்பதைக் கவனிக்க.

இங்கு ஓர் எச்சரிக்கை. எல்லாரும் மீள்வதில்லை, குடியிலேயே மடிவோரும் உண்டு. 'என்றாவது வளைவார்' என்று சொல்லி, அடிவாங்கும் மனைவியை அதே வீட்டில் பொறுத்திருக்கச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. மனிதன் மாறக்கூடியவன் என்ற நம்பிக்கை வேறு. அவன் மாறும்வரை அடிபட்டுக் கிட என்ற கட்டளை வேறு. முன்னது அன்பு, பின்னது கொடுமை.

முதுமைக்கும் வேலை உண்டு

ஐம்பதைக் கைவிட்ட நாம் எண்பதை எப்படி நடத்துவோம் என்று சொல்லவும் வேண்டுமா? வேளைக்குச் சோறு, மாத்திரை, ஒரு கட்டில். பெற்றோரைப் பராமரிக்காத பிள்ளைகளைச் சட்டத்தின்முன் நிறுத்த 2007-ஆம் ஆண்டு நம் நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. சோற்றையும் உறைவிடத்தையும் சட்டம் பெற்றுத் தரலாம். காது கொடுத்துக் கேட்பதை எந்தச் சட்டம் பெற்றுத் தரும்?

"தாத்தா பழங்கதையை ஆரம்பித்துவிட்டார்" என்று எழுந்து போகிறோம். அமெரிக்க முதியோர் மருத்துவ அறிஞர் ராபர்ட் பட்லர் 1963-இல் எழுதிய கட்டுரை நம்மை நிறுத்திக் கேள்வி கேட்கிறது. பழையதை மீண்டும் மீண்டும் பேசுவதை மூளைத் தளர்ச்சியின் அடையாளமாகவே அதுவரை பலரும் கருதினர். அது சாவை நெருங்கும் மனம் தன் வாழ்வை மறுபார்வை செய்யும் இன்றியமையாத உழைப்பு என்றார் பட்லர். தீராத பகைகள், சொல்லாத மன்னிப்புகள், இழந்த வாய்ப்புகள் எல்லாம் அப்போது மேலெழுகின்றன. அவற்றுக்கு உரிய இடம் தேடப்படுகிறது. எட்டாம் படியின் நிறைவும் நோவும் அங்குதான் தீர்மானமாகின்றன. தாத்தா கதை சொல்லவில்லை, கணக்கு முடித்துக்கொண்டிருக்கிறார். அந்த வேளையில் எழுந்து போவது எவ்வளவு பெரிய இரக்கமின்மை!

முதுமையிலும் திறமை புதுவழி காணும் என்பதற்குப் பால் பால்ட்ஸ் என்ற செருமானிய உளவியலார் பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டீனை எடுத்துக்காட்டுவார். முதுமையில் அவர் குறைவான இசைப்படைப்புகளையே தேர்ந்தெடுத்தார். அவற்றை முன்னினும் மிகுதியாகப் பயின்றார். விரைவான பகுதிக்கு முன் சற்று மெதுவாக வாசித்து, விரைவு கூடுதலாகத் தோன்றச் செய்தார். விரல்களின் தளர்ச்சியை அறிவு ஈடுசெய்தது. பெக்கா லெவி என்பவரும் தோழர்களும் ஒகையோவின் ஓர் ஊரில் ஐம்பது வயதும் அதற்கு மேலுமான 660 பேரைப் பற்றி 2002-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சிந்திக்க வைக்கிறது. தங்கள் முதுமையைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருந்தோர், தாழ்வாக எண்ணியோரைவிடச் சராசரியாக 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர். 'கிழம்' என்று நாம் போகிறபோக்கில் வீசும் சொல், கேட்பவர் மனத்தில் புகுந்து என்ன செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

எரிக்சன் தம்பதியரின் கதை இன்னும் முடியவில்லை. எட்டாம் படியை வகுத்தபோது அவர்கள் நாற்பதுகளில் இருந்தனர். முதுமையைத் தூரத்திலிருந்தே பார்த்திருந்தனர். எரிக் 1994-இல் மறைந்தார். தொண்ணூறைக் கடந்த ஜோன், கணவரின் நூலுக்கு 1997-இல் வெளிவந்த விரிவாக்கப் பதிப்பில் ஒன்பதாம் படி ஒன்றைச் சேர்த்தார். எண்பது தொண்ணூறுகளில் பழைய போராட்டங்கள் யாவும் திரும்ப வருகின்றன. தன் உடலையே நம்ப முடியாத நிலையில், பச்சிளங்குழந்தையின் முதற்பாடமான நம்பிக்கையை மீண்டும் கற்க வேண்டியுள்ளது என்று எழுதினார். ஐம்பதில் வளையுமா என்று கேட்கிறோம். இங்கே தொண்ணூறைக் கடந்த மூதாட்டி ஒருவர், தாமும் கணவரும் உலகறிய நிறுவிய கோட்பாட்டையே வளைத்துத் திருத்துகிறார்!

கடைசிப் பாடம்

வளர்ச்சியின் இறுதிப் பாடம் சாவு. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் வெளியிட்ட நூலில் சொன்ன ஐந்து நிலைகளை ஏணிப்படிபோல் மனப்பாடம் செய்தோர் பலர். எல்லாரும் அவ்வரிசையில் இறப்பதில்லை. அவர் கற்பித்த பெரிய உண்மை வேறு: இறப்போர் பேச விரும்புகின்றனர், சுற்றியிருப்போர்தாம் கேட்க அஞ்சுகின்றனர்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? நோய் இன்னதென்று ஊருக்கெல்லாம் தெரியும். நோயாளிக்கு மட்டும் சொல்வதில்லை. "ஒன்றுமில்லை அப்பா, சரியாகிவிடும்" என்று மகன் நடிக்கிறான். மகன் மனம் நோகக் கூடாதே என்று அப்பாவும் நம்புவதுபோல் நடிக்கிறார். இருவருக்கும் இடையே சொல்லப்படாத மன்னிப்பும் நன்றியும் கல்லறைக்குச் செல்கின்றன. அறிய விரும்பாதவர்மேல் உண்மையைத் திணிக்க வேண்டா. ஆனால் கேட்பவரிடம் பொய் சொல்வது, அவருடைய கடைசி வளர்ச்சியைத் திருடுவதாகும்.

நம் பங்குகளுக்கு

ஊராரைக் குறை கூறியது போதும். நம் முற்றத்தையும் கூட்டுவோம். வளர்ந்தோருக்கான மறைக்கல்வியே மறைக்கல்வியின் தலையாய வடிவம் என்று உரோமை வெளியிட்ட பொது வழிகாட்டி 1971-இலேயே அறிவித்தது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1979-இல் அதையே வலியுறுத்தினார். நாமோ உறுதிபூசுதலோடு புத்தகத்தை மூடிவிடுகிறோம். பின்னர் திருமணத் தயாரிப்புக்குச் சில நாள்கள், அதன்பின் நோயில்பூசுதல். இடையில் கிடக்கும் நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு வரியும் திருவிழா நன்கொடையுமே நாம் கேட்பவை. பீடத்திலிருந்து ஐந்து வயதுப் பழமொழியை நாமே கடைப்பிடித்தால் மக்களைக் குறை சொல்வதெப்படி?

செய்ய வேண்டியவை பெரியன அல்ல. அன்பியக் கூட்டங்களில் ஐம்பது வயதினர் தங்கள் சுமையைப் பேச ஒரு மாலையை ஒதுக்கலாம். தடுமாறும் இளைஞன் ஒருவனுக்கு அறிவுரை கூறாமல் துணை நடக்க ஒரு பெரியவரைப் பொறுப்பாக்கலாம், இருவரும் வளர்வர். குடியிலிருந்து மீண்டவரை வெட்கப்படுத்தாமல், மீளத் துடிப்பவரிடம் அழைத்துச் செல்லலாம். மறைக்கல்வி மாணவர் ஒவ்வொருவரும் ஒரு முதியவரின் வாழ்க்கைக் கதையைக் கேட்டு எழுதி வரலாம்.

எல்லாவற்றிற்கும் முதலாக, அந்தப் பழமொழியை வீட்டிலிருந்து வெளியேற்றுங்கள். அடுத்த முறை அது நாவில் வந்து நிற்கும்போது, யாரைக் குறித்துச் சொல்ல வந்தீர்களோ அவர் அருகில் போய் அமருங்கள். பதினைந்து நிமிடம் போதும் என்று நினைத்துத் தொடங்குங்கள்.